நான்கு நிமிடம் பின்தங்கிய கன்டெய்னர்

'டோக்கன் இன்னும் செல்லுபடியாகவில்லை' என்ற பிழை லாகில் வரிசையாக விழத் தொடங்கியது. இன்னொரு சர்வர் அந்த நொடியில் கொடுத்த டோக்கன் (நேரம் குறித்த அனுமதிச் சீட்டு) எங்களுக்கு மட்டும் எதிர்காலத்துத் தேதியாகத் தெரிகிறதென்றால், கோளாறு எங்கள் நேரத்தில்தான். ஒப்பிட்டுப் பார்த்ததில், சுமார் 4 நிமிடம் பின்தங்கியிருந்தோம்.

எங்கள் சேவை ஓடுவது ஒரு எல்எக்ஸ்சி கன்டெய்னரில். ஹோஸ்ட் என்ற தாய் இயந்திரத்தின் கெர்னலையே (லினக்ஸின் மையப் பகுதி) பகிர்ந்துகொள்ளும் தனி அறை அது. அன்பிரிவிலேஜ்ட் வகை, அதாவது உள்ளே ரூட் (நிர்வாகி) ஆனாலும் ஹோஸ்டில் அந்த அதிகாரம் கிடையாது. சரி, நேர சர்வரைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி நிரலை நிறுவினால் முடிந்தது என்று நினைத்தேன். தொடங்கிய வேகத்திலேயே நின்றுவிட்டது. கடிகாரத்தைத் திருத்தும் சிஸ்டம் காலுக்கு (கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை) அனுமதி இல்லை என்று ஜர்னலில் (சிஸ்டத்தின் லாக்) இருந்தது.

இங்கேதான் அரை நாள் போனது. நேரத்தை மாற்றத் தேவையான உரிமை கேப் சிஸ் டைம். பட்டியலைப் பார்த்தால் அது இருக்கிறது! ரூட்டாகத்தான் இருக்கிறேன், உரிமையும் இருக்கிறது, ஆனாலும் மறுப்பு. காரணம் பிறகுதான் பிடிபட்டது. அந்த உரிமை கன்டெய்னரின் யூசர் நேம்ஸ்பேஸுக்குள் (உரிமைகள் செல்லுபடியாகும் எல்லை) மட்டும் இருந்தது. கடிகாரத்தைத் தொடும்போது கெர்னல் கேட்பதோ ஹோஸ்டின் ஆரம்ப நேம்ஸ்பேஸில் உள்ள உரிமையை. 2020இல் வந்த லினக்ஸ் 5.6 முதல் டைம் நேம்ஸ்பேஸ் என ஒன்று உண்டு. ஆனால் அது பிரித்துத் தருவது மோனோடோனிக், பூட்டைம் கடிகாரங்களை (தேதி காட்டாமல், ஓடிய நேரத்தை மட்டும் எண்ணுபவை) மட்டும்தான். தேதி காட்டும் கடிகாரம் ஹோஸ்டுக்கும் எல்லாக் கன்டெய்னர்களுக்கும் ஒன்றே.

இது புரிவதற்கு முன் குரோனியை மைனஸ் சின்ன எக்ஸ் (-x) என்ற தேர்வு போட்டு ஓட்டியிருந்தேன். கடிகாரத்தைத் தொடாதே என்பதுதான் அதன் பொருள். பிழை மறைந்தது, சேவை பச்சையில் 'ஆக்டிவ்' என்றது, நேரம் அதே 4 நிமிடம் பின்னால். கண்காணிப்புத் திரையை மட்டும் பார்ப்பவர் பிரச்சினை தீர்ந்ததென்றே நம்புவார். எனக்கு அது நேரான பிழையைவிட மோசமாகப்பட்டது. உடனே எடுத்துவிட்டேன்.

ஆனால் அதற்குள் ஒரு துப்பு கிடைத்திருந்தது. குரோனியின் சோர்சஸ் (நேர மூலங்கள்) பட்டியலில் எல்லாப் பொது நேர சர்வர்களுக்கும் ரீச் (பதில் வந்ததா என்பதைக் காட்டும் எண்) 0. அதாவது நேரம் கேட்க வெளியே போகும் யூடிபி 123 போர்ட் ஃபயர்வாலில் மூடியிருக்கிறது. விசாரித்தால், உள் நெட்வொர்க்கில் ஒரு நேர சர்வர் இருக்கிறதாம். அதைக் குறிப்பிட்டு மைனஸ் பெரிய க்யூவுடன் (-Q) ஒருமுறை ஓட்டினேன். அது நேரத்தை மாற்றாமல் வித்தியாசத்தை மட்டும் சொல்லும். 241 விநாடி என்று வந்தது.

அந்த எண்ணோடு ஹோஸ்டைப் பார்த்துக்கொள்பவருக்கு எழுதினேன். ஹோஸ்டிலும் அதே பொது சர்வர் பட்டியல், அதே ரீச் 0. வெகு நாட்களாக யாரும் கவனிக்கவில்லை. பட்டியலை மாற்றி குரோனியை மறுதொடக்கம் செய்தார். கட்டமைப்பில் மேக்ஸ்டெப் (makestep) வரி இருந்ததால், மெல்ல மெல்ல நகராமல் ஒரே தாவலில் சரியான நேரத்துக்கு வந்தது. கடிகாரம் முன்னோக்கித் தாவியதால் எனக்கு நிம்மதி. பின்னோக்கித் தாவுவதாக இருந்தால் டேட்டாபேஸை முதலில் நிறுத்தச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் ரீச் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்: 1, 3, 7, 17. அது எட்டை அடிப்படையாகக் கொண்ட (ஆக்டல்) எண். 377 வந்தால் கடைசி 8 கேள்விகளுக்கும் பதில் வந்திருக்கிறது என்று பொருள். அது வந்ததும் கன்டெய்னரிலிருந்து குரோனியையே நீக்கினேன். இப்போது கண்காணிப்பில் சேவை ஓடுகிறதா என்று பார்ப்பதில்லை. நேர வித்தியாசம் எத்தனை விநாடி என்றுதான் பார்க்கிறோம்.