சிவப்பு மருந்து ஏறிய பிறகு வரும் 21 நாள்

மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் 'ஏசி' கீமோவில் இரண்டு மருந்துகள்: சிவப்பாக இருக்கும் டாக்ஸோரூபிசின், நிறமில்லாத சைக்ளோபாஸ்பமைடு. பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு தடவை, நான்கு தடவை. பக்கவிளைவுகள் கண்டபடி வருவதில்லை, அவற்றுக்கு நாள் கணக்கு உண்டு. மருந்து ஏறிய நாளை காலண்டரில் 1 என்று குறித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும். ஊசி குத்திய இடம் எரிந்தாலோ வீங்கினாலோ, 'கீமோன்னா வலிக்கத்தானே செய்யும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்காமல் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போவது மருந்தின் நிறம். அதற்குப் பிறகும் சிவப்பாகவே போனாலோ கடுத்தாலோ டாக்டரிடம் சொல்ல வேண்டும். மற்ற மருந்து சிறுநீர்ப்பையை அரிக்கும் என்பதால், வேறு தடை இல்லாதவர்கள் 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் குடித்து, அடக்காமல் போய்விடுவது நல்லது.

முதல் ஐந்து நாள் குமட்டல். வாந்தி வந்த பிறகு மாத்திரை தேடினால் அது வயிற்றில் தங்காது. குமட்டல் இல்லாவிட்டாலும் எழுதிக் கொடுத்த நேரத்துக்கு எல்லாவற்றையும் போட்டுவிட வேண்டும். குமட்டலுக்குத் தரும் ஆன்டான்செட்ரான் மலத்தைக் கட்டும், மூன்றாம் நாள் அவதிப்படுவதைவிட முதல் நாளே மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் காலையிலேயே போடலாமா என்று கேளுங்கள், மாலையில் போட்டால் விடிய விடியத் தூக்கம் வராது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதனால் சர்க்கரை அளவும் எகிறும். தாளிப்பு வாசனைதான் பலருக்கும் ஆகாது. ஆறிய இட்லியில் அந்தத் தொல்லை குறைவு.

ஐந்தாம் நாள் வாக்கில் வாய்ப்புண் தொடங்கும். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் சமையல் சோடா கலந்து, சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்னும் கொப்பளிக்கலாம். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் புண்ணில் பட்டால் எரிச்சலில் உயிர் போகும்.

ஆபத்தான காலம் 7 முதல் 14 வரை. கிருமியோடு போராடும் வெள்ளையணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும் நாட்கள் இவை. பீட்ரூட் ஜூஸ் குடித்தால் கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) ஏறும் என்பார்கள், வெள்ளையணு அப்படி ஏறாது. உடம்பு சுட்டால் முதலில் தெர்மாமீட்டர். சூடான காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்து வாயில் வையுங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரி. எல்லோரும் செய்யும் தப்பு, பார்க்காமலே பாராசிட்டமாலைப் போட்டுவிடுவது: சூடு இறங்கிவிடும், கிருமி உள்ளே பெருகிக்கொண்டிருக்கும். அவசரப் பிரிவில் வாயைத் திறந்ததும் "கீமோ போய்க்கிட்டிருக்கு, இன்னைக்குப் பத்தாவது நாள்" என்று சொல்லுங்கள். வெறும் காய்ச்சல் என்றால் வரிசையில் உட்கார வைப்பார்கள்.

இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொத்தாக உதிரும், முன்பே குட்டையாக வெட்டிவிட்டால் தலையணை தப்பும்.

வெளியூரிலிருந்து வருபவர்கள் அடுத்த கீமோவுக்கு முன் 20ஆம் நாளே உள்ளூர் லேபில் ரத்தப் பரிசோதனை செய்து ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியுமா என்று கேட்டுவையுங்கள். கவுன்ட் போதாமல் ஒரு வாரம் தள்ளிப்போனால் பஸ் செலவாவது மிச்சம்.