ஜெர்மன் மொழியில் ஒரு செமஸ்டர்: வகுப்பு தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

பரிமாற்ற மாணவராக ஜெர்மனிக்குப் போகிறவர்கள் பி2 (ஐரோப்பிய மொழித்தர அளவின் ஆறு படிகளில் நான்காவது) சான்றிதழ் கைக்கு வந்ததும் மொழிக் கவலை விட்டது என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதி முதல் வார வகுப்பு வரைக்கும்தான். மொழித் தேர்வில் காதில் விழுவது ஒலிப்பதிவுக் கூடத்தில் தெளிவாகப் பேசிப் பதிவு செய்த குரல். வகுப்பில் பேராசிரியர் பலகையைப் பார்த்தபடி பேசுவார், பாதி வாக்கியத்தில் வேறு விஷயத்துக்குத் தாவுவார், அவர் ஊர் வழக்கும் பேச்சில் கலந்திருக்கும். இதற்கு இன்னும் ஆறு மாதம் மொழி படித்துவிட்டுப் போவதுதான் வழி என்று நான் நினைக்கவில்லை. எந்தெந்த வகுப்பை எடுக்கிறீர்கள், ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் என்ன செய்கிறீர்கள் என்ற இரண்டையும் சரியாக அமைத்துக்கொண்டால் பி2 போதும்.

முதலில் தேர்வு. பாட அட்டவணையில் தலைப்பை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் வகுப்பின் வகை என்ன போட்டிருக்கிறது என்றும் பாருங்கள். ஃபோர்லேசுங் என்றால் பெரிய அரங்கில் பேராசிரியர் மட்டும் பேசும் விரிவுரை. ஊபுங் என்றால் அந்த விரிவுரையோடு சேர்ந்த பயிற்சி வகுப்பு, அதில் கணக்கைப் போட்டுக் காட்டுவார்கள். டுடோரியும் என்பது மேல் ஆண்டு மாணவர் நடத்தும் சிறு குழு. செமினாரில் மாணவர்கள்தான் பேச வேண்டும். மொழிக்குப் புதியவர் ஊபுங்கோ டுடோரியுமோ சேர்ந்து வரும் விரிவுரையை எடுப்பது நல்லது. விரிவுரையில் நழுவியதெல்லாம் அங்கே இன்னொரு முறை, இன்னொருவர் வாயிலிருந்து, மெதுவாக வரும். நான் எடுத்த வெப்ப இயக்கவியலில் என்னைக் கரையேற்றியது டுடோரியும்தான். அதை நடத்திய மாணவர் ஒரே படியை இரண்டு மூன்று விதமாகச் சொல்லிப் பார்ப்பார். அரங்கில் முந்நூறு பேர் நடுவே கை தூக்கத் தயங்குகிறவருக்குக்கூட அங்கே வாய் திறக்கும்.

செமினாரையும் ஒதுக்கிவிடாதீர்கள், ஒன்று எடுங்கள். அதன் முதல் வகுப்பை எக்காரணம் கொண்டும் தவறவிடக் கூடாது. ரெஃபராட் எனப்படும் மாணவர் உரைக்கான தலைப்புகளையும் தேதிகளையும் பெரும்பாலும் அன்றைக்கே பிரித்துக்கொடுத்துவிடுவார்கள். தேதி கேட்டால் செமஸ்டரின் நடுப்பகுதியைச் சொல்லுங்கள். அதற்கு முன் நாலைந்து பேர் பேசியிருப்பார்கள், எப்படித் தொடங்குகிறார்கள், கேள்வி வந்தால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டுப் பழகியிருப்பீர்கள். கடைசி வாரங்களுக்குத் தள்ளினால் தேர்வுப் படிப்போடு மோதும். செமினாருக்கு ஹவுஸ்ஆர்பைட் என்ற நீண்ட கட்டுரையும் இருக்கலாம். அதை ஒப்படைக்கும் நாள் வகுப்புகள் முடிந்து பல வாரம் கழித்துக்கூட வரும். அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருக்கக்கூடும் என்பதை முதல் வாரமே பேராசிரியரிடம் சொல்லிவையுங்கள்.

சுமை விஷயத்தில் பேராசை வேண்டாம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடச் சுமையை ஈசிடிஎஸ் என்ற புள்ளிகளில் அளப்பார்கள், ஒரு செமஸ்டருக்கு முழுச் சுமை 30 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. அது உள்ளூர் மாணவருக்கான கணக்கு, நமக்கு ஒவ்வொரு பக்கத்தையும் படிக்கக் கூடுதல் நேரம் பிடிக்கும். உங்கள் கல்லூரி சம்மதித்தால் ஒரு பாடத்தைக் குறைத்துவிட்டு, பல்கலைக்கழக மொழி மையம் நடத்தும் ஜெர்மன் வகுப்பை அந்த இடத்தில் வையுங்கள். பல இடங்களில் அதற்கும் புள்ளி உண்டு.

நேரம் பற்றி ஒரு சின்ன விஷயம். குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1இல் தொடங்குகிறது என்று இருக்கும், ஆனால் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் அக்டோபர் நடுவில்தான் ஆரம்பிக்கும். இடையில் உள்ள நாட்களில் அறிமுக நிகழ்ச்சிகள் நடக்கும், தவறவிடாதீர்கள். அட்டவணையில் 10 முதல் 12 என்று போட்டு பக்கத்தில் சி.டி. என்றிருந்தால் வகுப்பு 10.15க்குத் தொடங்கி 11.45க்கு முடியும். எஸ்.டி. என்றிருந்தால் சரியாகப் பத்து மணி.

இப்போது முக்கியமான வேலைக்கு வருவோம். விரிவுரைக்கு முந்தின நாள் மாலையே அந்தப் பகுதியைப் படித்துவிடுங்கள். பேராசிரியர்கள் பெரும்பாலும் ஸ்லைடுகளையோ முழுக் குறிப்புகளையோ மூடில், இலியாஸ் போன்ற தளங்களில் ஏற்றிவைப்பார்கள். முதலில் அதே பாடத்தைத் தெரிந்த மொழியில் ஒருமுறை, அப்புறம் ஜெர்மன் குறிப்பில் ஒருமுறை. இப்படிப் படித்துவிட்டு உட்கார்ந்தால் வகுப்பில் புதிதாகப் புரிந்துகொள்ள வேண்டியது குறைவு, தெரிந்ததை அடையாளம் கண்டால் போதும். படிக்காமல் போய் வகுப்பில் பிடித்துக்கொள்ளலாம் என்பது தாய்மொழியில் செல்லும், இங்கே செல்லாது. கேட்கும்போதே எல்லாவற்றையும் எழுதவும் முயலாதீர்கள். அச்சிட்ட ஸ்லைடின் ஓரத்தில், பேராசிரியர் அதில் இல்லாத எதைச் சொன்னாரோ அதை மட்டும் எழுதுங்கள். எழுதும் மொழி எதுவானாலும் சரி.

படிக்கும்போது நமக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. ஜெர்மன் பாடநூல் வாக்கியம் நீளமானது, துணை வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், பெயர்ச்சொல்லுக்கு முன்னால் அடைமொழிகள் அடுக்கடுக்காக நிற்கும். ஆங்கிலம் வழியாக அதைப் பிரிக்கப் பார்க்கிறவர்கள் திணறுவார்கள். என் வெப்ப இயக்கவியல் குறிப்பில் 'டி டெம் சிஸ்டேம் சூகெஃப்யூர்ட்டெ வேர்மெ' என்று ஒரு தொடர் அடிக்கடி வரும். முன்னால் நிற்கும் 'டி'யை விட்டுவிட்டு அதே வரிசையில் தமிழில் சொல்லிப் பாருங்கள்: அமைப்புக்குச் செலுத்தப்பட்ட வெப்பம். எதையும் முன்பின் மாற்ற வேண்டியதில்லை. நீண்ட வாக்கியம் வந்தால் ஆங்கிலத்தை விட்டுவிட்டு நேராகத் தமிழிலேயே யோசியுங்கள். கடைசிச் சொல் வரும்வரை அர்த்தத்தைப் பிடித்துவைத்துக் காத்திருப்பது நாம் பிறந்ததிலிருந்து செய்துவருவதுதான்.

காதுக்கு இன்னொரு பயிற்சி எண்கள். 85 என்பதை ஐந்தும் எண்பதும் என்ற வரிசையில் சொல்வார்கள். வேகமாக மதிப்புகளை வாசிக்கும்போது கை தடுமாறும், எனவே எண்களை மட்டும் தனியாகக் கேட்டு எழுதிப் பழகுங்கள். எழுத்திலும் கவனம் தேவை. 3,5 என்றால் மூன்றரை, 1.250 என்றால் ஆயிரத்து இருநூற்று ஐம்பது. பலகையில் கையால் எழுதும் 1க்கு மேலே நீண்ட கொக்கி இருக்கும், முதல் பார்வைக்கு 7 போலத் தெரியும். அவர்களுடைய 7க்கு நடுவில் ஒரு குறுக்குக்கோடு உண்டு. மின்னழுத்தத்துக்கு யூ என்ற எழுத்தைப் போடுவார்கள்.

பொறியியல், கணிதப் பாடங்களில் வாராவாரம் பயிற்சித்தாள் தருவார்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒப்படைக்கப் பெரும்பாலும் அனுமதி உண்டு. பல பாடங்களில் அதில் குறிப்பிட்ட அளவு மதிப்பெண் எடுத்தால்தான் தேர்வே எழுத விடுவார்கள். இந்தக் குழுவை உள்ளூர் மாணவர்களோடு அமையுங்கள். நம்மவர்களோடு சேர்ந்துகொள்வது இதமாகத்தான் இருக்கும், ஆனால் அந்த மேசையில் ஜெர்மன் பேச்சு வராது. முதல் வாரத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடம் குழு அமைந்துவிட்டதா என்று நேராகக் கேட்கலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை. மாணவர்களுக்குள் நீ, வா, போ என்ற உரிமைப் பேச்சுதான். பேராசிரியரிடம் மரியாதை வடிவம். நாம் நீயும் நீங்களும் சொல்லி வளர்ந்தவர்கள், இது உடனே வந்துவிடும்.

பேராசிரியர்களுக்கு வாரந்தோறும் மாணவரைச் சந்திக்கும் நேரம் உண்டு. தயங்காமல் போங்கள். தேர்வுக்கு அகராதி கொண்டுவரலாமா, பரிமாற்ற மாணவருக்கு எழுத்துத் தேர்வுக்குப் பதில் வாய்மொழித் தேர்வு வைக்க முடியுமா என்று அங்கேதான் கேட்க வேண்டும். முடிவு அவர் கையில், எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொண்டால் எனக்கு வாய்மொழித் தேர்வுதான் உசத்தி. கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேட்கலாம், ஒரு படம் வரைந்து காட்டலாம். தாளில் அந்த வசதி இல்லை.

முதல் சில வாரங்கள் தலை கனக்கும். மாலையில் ஒரு எளிய வாக்கியம்கூட வாயில் வராது. அறிவு மழுங்கிவிட்டது என்று பயந்துவிடாதீர்கள், வேற்றுமொழியில் நாளெல்லாம் கவனித்துக் கேட்டால் யாருக்கும் வரும் களைப்பு இது. அந்த வாரங்களில் இரவு விழித்துப் படிக்காமல் நன்றாகத் தூங்குங்கள். பாடத்தை விட்டுவிடலாமா என்ற முடிவை அந்தக் களைப்பில் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பாடத்திலும் நூறு நூற்றைம்பது சொற்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அவை பழகியதும் நிலைமை மாறும்.

கடைசியாக அலுவலக வேலை. வகுப்பில் பதிவு செய்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. செமஸ்டரின் நடுவில் தேர்வுப் பதிவுக்கென்று சில வாரங்கள் இணையத்தில் திறந்திருக்கும். அதை விட்டால் எத்தனை நன்றாகப் படித்திருந்தாலும் தேர்வறைக்குள் விட மாட்டார்கள். மதிப்பெண்ணில் 1,0 உச்சம், 4,0 தேர்ச்சியின் விளிம்பு, 5,0 தோல்வி. இதை உங்கள் கல்லூரி எப்படி மாற்றிக் கணக்கிடும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குளிர்காலத் தேர்வு முடிவுகள் நீங்கள் விமானம் ஏறிய பிறகுகூட வரலாம், எனவே மதிப்பெண் பட்டியலை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று சர்வதேச அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.