வூராலியா

போன மாதம் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். முதல் நாள் சாயந்திரம் மயக்க மருந்து டாக்டர் வந்து, தூங்க ஒரு மருந்து, தசைகளைத் தளர்த்த இன்னொரு மருந்து, அதைப் போட்டால் தானாக மூச்சுவிட முடியாது, மெஷின்தான் மூச்சு கொடுக்கும் என்று பொறுமையாக விளக்கினார். அம்மா பயந்துவிட்டார். எனக்கு வூராலியா ஞாபகம் வந்தது.

வூராலியா ஒரு பெண் கழுதை. 1814, லண்டன். சார்லஸ் வாட்டர்டன் என்பவர் கயானா காடுகளுக்குள் போய், மக்கூசி மக்கள் அம்பு நுனியில் தடவும் வூராலி விஷத்தைக் கொண்டுவந்திருந்தார். குராரே என்று நாம் சொல்வது அதைத்தான். அதை மூன்று கழுதைகள் மீது சோதித்தார்கள். ஒன்று 12 நிமிடத்தில் செத்தது. இன்னொன்றின் காலை இறுக்கிக் கட்டி, கட்டுக்குக் கீழே விஷத்தை வைத்தார்கள். ஒரு மணி நேரம் சாதாரணமாக நடமாடியது, கட்டை அவிழ்த்ததும் 10 நிமிடத்தில் போய்விட்டது. இந்த இரண்டுக்கும் யாரும் பெயர் வைக்கவில்லை.

மூன்றாவதுதான் வூராலியா. அதுவும் விழுந்தது. உடனே மூச்சுக்குழாயை அறுத்து, துருத்தி வைத்து நுரையீரலுக்குள் காற்றை ஊதினார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. ஊதுவதை நிறுத்தினார்கள், மறுபடி சாய்ந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் ஊதியபின் எழுந்து நடந்தது. விஷம் மூச்சைத்தான் நிறுத்துகிறது, வேறு யாராவது மூச்சு கொடுத்தால் உயிர் தங்கும் என்பதை அன்று நேரிலேயே பார்த்தார்கள். 1942இல் மாண்ட்ரியலில் ஹெரால்டு கிரிஃபித் என்ற டாக்டர் ஆபரேஷனில் தசைகளைத் தளர்த்தக் குராரேயைப் பயன்படுத்தினார். அம்மாவுக்குத் தசைகளைத் தளர்த்தப் போட்ட மருந்தும் அந்த வழியில் வந்ததுதான்.

எழுந்தபோது அது பதறவில்லை, வலியும் தெரியவில்லை என்று வாட்டர்டன் எழுதினார். என்னால் அதோடு விட முடியவில்லை. குராரே நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை மட்டும்தான் மறிக்கும், நினைவையும் வலியையும் தொடாது. ஸ்காட் ஸ்மித் என்ற டாக்டர் அதைத் தன் உடம்பிலேயே ஏற்றிப் பார்த்து, கடைசிவரை நினைவு தப்பவில்லை என்று 1947இல் எழுதினார். ஈதர் மயக்கம் வருவதற்கே 1846 ஆக வேண்டியிருந்தது. அப்படியானால் கழுத்தை அறுத்தபோது அது விழித்தபடியே அசைய முடியாமல் கிடந்திருக்கலாம்.

டிஸ்சார்ஜ் ஆகி வந்தபின் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதுக்கப்புறம் அது மேல யாரும் பொதி ஏத்தலியே?" என்று கேட்டார்.

ஏற்றவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் எலும்பும் தோலுமாக இருந்து, பிறகு தேறியது. வாட்டர்டன் தன் வால்டன் ஹால் தோட்டத்தில் வைத்துக்கொண்டார், குளிரில் ஒதுங்க இடம், கோடையில் நல்ல புல். 1839 பிப்ரவரி வரைக்கும் அங்கேதான் இருந்தது.