கோ 1.22: கோ.மாட் வரியை மாற்றாமல் லூப் மாறாது

கோ நிரல் மொழியின் 1.22 பதிப்பு வெளிவந்தது 2024 பிப்ரவரியில். அதில் முக்கியமானது ஃபார் லூப் மாறியில் செய்த திருத்தம். முன்பு லூப் எத்தனை முறை சுற்றினாலும் மாறி ஒன்றே. ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் புது மதிப்பு ஏறும். 10, 20, 30 உள்ள ஸ்லைஸில் (கோவின் பட்டியல்) சுற்றுக்கு ஒரு கோரூட்டீனை (பக்கவாட்டில் தனியாக ஓடும் வேலை) கிளப்பி மாறியை அச்சிடச் சொன்னால், பெரும்பாலும் மூன்று தடவையும் 30 தான். கோரூட்டீன் ஓடத் தொடங்குவதற்குள் லூப் முடிந்துவிடும். 2020-இல், இணையதளங்களுக்கு இலவசப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டின் சுமார் 30 லட்சம் சான்றிதழ்களைத் தொட்ட பிழையும் இந்த வகைதான்.

இதற்காகவே, மாறியின் பெயர் எ என்றால், லூப்பின் உள்ளே முதல் வரியில் ‘எ := எ’ என்று நகல் எடுப்போம். (இதை அப்படியே தமிழில் எழுதினாலும் கோ ஏற்கும். கால், கொம்பு, புள்ளி வந்தால்தான் மறுக்கும். அவை அதன் கணக்கில் எழுத்தே இல்லை!) 1.22-இல் சுற்றுக்கு ஒரு புது மாறி. அந்த நகல் வரி இனி வேண்டாம்.

பலர் சறுக்குவது இங்கேதான்: கம்பைலரை மட்டும் ஏற்றினால் போதாது. மாட்யூலின் கோ பதிப்பைச் சொல்லும் கோ.மாட் கோப்பில் ‘கோ 1.21’ என்று இருக்கும்வரை பழைய நடத்தையே தொடரும். அந்த வரியே இல்லையென்றால் 1.16 என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் இழுத்துப் போட்டிருக்கும் மாட்யூல்கள் அவரவர் கோ.மாட் சொல்வதைத்தான் கேட்கும்; உங்கள் வரியை மாற்றுவதால் அவற்றுக்கு ஒன்றும் ஆகாது.

வரியை 1.22 ஆக்கியதும் அதுவரை பச்சையாக இருந்த டெஸ்ட் சில சிவக்கலாம். பேரலலாக, அதாவது ஒரே சமயத்தில், ஓடும் டெஸ்ட்களைப் பாருங்கள். உதாரணமாக, டெஸ்ட் அட்டவணையில் 600001, 60001, 625001 என மூன்று பின்கோடு. ஆறு இலக்கம் இருக்கிறதா என்று சோதனை. பேரலல் என்று குறித்த துணை டெஸ்ட், தாய் டெஸ்ட் முடியும்வரை காத்திருக்கும். அதற்குள் மாறியில் 625001 வந்து உட்கார்ந்துவிடும். ஆக மூன்று முறையும் சோதித்தது கடைசி எண்ணைத்தான். இப்போது 60001 மாட்டும். புது பதிப்பைத் திட்டாதீர்கள். டெஸ்ட் இப்போதுதான் முதல்முறையாக வேலை செய்கிறது. எந்த லூப்பால் உடைந்தது என்று தெரியாவிட்டால் கோ குழுவின் பைசெக்ட் என்ற பிழை தேடும் கருவியை லூப்வார் தேர்வோடு ஓட்டுங்கள், வரி எண்ணோடு காட்டும்.

செலவும் உண்டு. மாறியின் முகவரியை வெளியே அனுப்பினால் சுற்றுக்கு ஒரு ஹீப் ஒதுக்கீடு (புதிதாக நினைவக இடம்) ஆகும். அடிக்கடி ஓடும் சூடான லூப் என்றால் பெஞ்ச்மார்க் பார்த்துவிடுங்கள்.

1.22-இல் வேறு மாற்றங்களும் உண்டு. வலைக் கோரிக்கைகளைப் பாதைவாரியாகப் பிரித்தனுப்பும் சர்வ்மக்ஸ் இப்போது ‘கெட்’, ‘போஸ்ட்’ போன்ற மெத்தடையும் பாதையில் அடைப்புக்குறிப் பெயரையும் புரிந்துகொள்ளும். சின்ன சேவைக்குத் தனி ரவுட்டர் தேவையில்லை. இரண்டு பாதைகள் மோதி, எது குறிப்பானது என்று தீர்மானிக்க முடியாவிட்டால், பதிவு செய்யும்போதே பேனிக் ஆகும் (நிரல் பிழையோடு நின்றுவிடும்). ஃபார் லூப்பின் ரேஞ்சுக்கு நேரடியாக 10 என்று எண் கொடுக்கலாம் என்பது சின்ன வசதி, ஆனால் தினமும் கைகொடுக்கும்.