கொய் மீனுக்குக் கராம்பு எண்ணெய்

பங்குனி 8, சனி
அழகுக்கு வளர்க்கிற கொய் மீன்களில் பெரியது தொட்டிச் சுவரோடு உடம்பை உரசிக்கொண்டே திரிகிறது. முதுகுச் செட்டையடியில் நூல் மாதிரி ஒன்று தொங்குகிறது. நங்கூரப் புழுதான். பெயருக்குத்தான் புழு, இனம் இறால், நண்டோடு சேர்ந்தது. தலையைத் தசைக்குள் கொளுவிக்கொண்டிருக்கும். துள்ளுகிற மீனில் பிடித்து இழுத்தால் அறுந்து தலை உள்ளே தங்கிவிடும். மயக்கித்தான் எடுக்க வேண்டும்.

பங்குனி 9, ஞாயிறு
மீனை மயக்க, பார்மசியில் பல்வலிக்கு வைத்திருக்கும் கராம்பு எண்ணெய் வாங்கினேன். வேறு மருந்து கலந்த போத்தல்களும் உண்டு, லேபிளை வாசித்துத்தான் எடுக்க வேண்டும். மிச்சம் பல்லுக்கு ஆகும் என்று அம்மாவுக்குச் சந்தோஷம்.

ஆய்வுகூடங்களில் மீனை மயக்க எம்.எஸ். 222 என்ற தூளைப் பாவிப்பார்கள். அது தண்ணீரைப் புளிக்கப் பண்ணும், அப்பச்சோடா சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். எண்ணெய்க்கு அந்தக் கரைச்சல் இல்லை. அதில் வேலை செய்வது யூஜினோல். லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று எடுத்தால், 10 லீற்றர் வாளிக்கு அரை மில்லிலீற்றர் அளவில் போதும். ஊசி இல்லாத சிரிஞ்சால் அளக்கலாம்.

இன்று மீனுக்குத் தீன் போடவில்லை. வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் கக்கும், அது செவுளில் அடைக்கும்.

பங்குனி 10, திங்கள்
வெயில் ஏற முன்னமே தொடங்கினோம். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, மருந்தும் வேகமாக ஏறும். இரண்டு வாளியிலும் அதே தொட்டித் தண்ணீர், இரண்டிலும் காற்றுக் குழாய். எண்ணெய் நேரே கரையாது, மேலே மிதக்கும். சின்னப் போத்தலில் வெந்நீர் விட்டுப் பால் நிறம் வரும்வரை குலுக்கித்தான் ஒரு வாளியில் மட்டும் ஊற்றினேன்.

முதலில் மீன் பதறி ஓடியது. பிறகு சரிந்தது, புரண்டது, வாலைக் கிள்ளியும் அசையவில்லை. ஆனால் செவுள் மூடி மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தது. கண் எடுக்காமல் பார்க்க வேண்டிய இடம் அதுதான். அது நின்றால் புழுவாவது ஒன்றாவது, உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றி வாய்வழியாகத் தண்ணீர் ஓடவிட வேண்டும்.

வழுவழுப்பு உரிந்தால் நோய் தொற்றும் என்பதால் கையையும் துவாயையும் நனைத்துக்கொண்டுதான் தூக்கினேன். சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து இழுக்கத் தலையோடு வந்தது. காயத்தில் அயடீன் தொட்டு வைத்து அடுத்த வாளியில் விட்டேன். சில நிமிடத்தில் நிமிர்ந்துவிட்டது.

வேலிக்கு மேலால் பார்த்த அண்ணை கேட்டார்: “உதைக் கொடுவாய் மீனுக்கும் பாவிக்கலாமே தம்பி?”

“நீங்கள் விக்கிற மீனுக்கு வேண்டாம் அண்ணை” என்றேன். அமெரிக்காவில் எம்.எஸ். 222 பட்ட மீனை 21 நாளுக்குச் சாப்பாட்டுக்கு எடுக்க விடுவதில்லை. கராம்பு எண்ணெயை உணவு மீனுக்கு அங்கே அனுமதித்ததே இல்லை. “அப்ப ஐஸ் போடலாமே?” என்றார். குளிர் அசைவை நிறுத்தும், வலியை நிறுத்தும் என்று நம்ப முடியாது.

பங்குனி 13, வியாழன்
தீன் எடுக்கிறது. காயமும் ஆறுகிறது. ஆனால் முட்டை தண்ணீருக்குள் கிடக்கும், இந்தச் சூட்டில் இரண்டு மூன்று கிழமையில் புதுப் புழு வரும். தொட்டிக்குத் தனி மருந்து பார்க்க வேண்டும். அதுவரை மற்றக் கொய்களை வேறு தொட்டிக்கு மாற்றுவதாக இல்லை. அங்கேயும் கொண்டுபோய்ப் பரப்பினமாதிரி ஆகிவிடும்.