ஸ்போர்ட் மோடா, சைலன்சர் வால்வா? பிரிச்சு லாக் எடுத்தாச்சு

முடிவை மொதல்லயே போட்டுடறேனுங்க. சைலன்சர் வால்வு (வால் குழாயில புகை போற வழியைத் திறந்து மூடற தட்டு) திறந்தா வண்டி சுருக்குன்னு கிளம்புதுன்னு நம்மூர்ல பாதிப் பேரு சத்தியம் பண்றாங்க. லாக்ல, அதாவது வண்டிக் கணினியில இருந்து எடுத்த பதிவுல, அப்படி எதுவும் இல்லை. காலுக்குக் கீழ நடக்கற மாற்றம் அத்தனையும் டிரைவ் மோடோட (கம்ஃபர்ட், ஸ்போர்ட், ஈகோ) வேலை. ரெண்டும் ஒரே சுவிட்சுல ஒட்டி வர்றதால நல்ல பேரு வால்வுக்குப் போயிடுது.

வண்டி 3 லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர், ஒத்த டர்போ, 8 கியர் டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். வால்வை ஓட்டறது மோட்டார், வேக்வம் இல்லை. ஜெர்மன் வண்டிதான், பேரு இங்க முக்கியம் இல்லை.

பிரிக்கறதுதான் முதல் தலைவலி. இன்டிவிஜுவல் மோடுல இன்ஜின், கியர், ஸ்டியரிங் தனித்தனியா வரும். வால்வு மட்டும் இன்ஜின் செட்டிங் பின்னாடியே போகும். அதனால வால்வு மோட்டாரோட பிளக்கைக் கழட்டணும். கழட்டினதும் சில மோட்டார் நின்ன இடத்துலயே நிக்கும், ஸ்பிரிங் வெச்சது தானா திறந்துக்கும். சைலன்சர் ஆறினப்புறம் டெயில் பைப்புக்குள்ள டார்ச் அடிச்சு தட்டு எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்துட்டுத்தான் ஓட்டணும். ஃபால்ட் கோடு விழும், கடைசியில அழிச்சுக்கலாம். கம்ஃபர்ட் மூடி, கம்ஃபர்ட் திறந்து, ஸ்போர்ட் மூடி, ஸ்போர்ட் திறந்து: இந்த நாலும் வேணும். ஸ்பீக்கர் வழியா வர்ற போலி இன்ஜின் சத்தத்தையும் அணைச்சுடுங்க, இல்லைன்னா காது மறுபடியும் ஏமாத்தும்.

இனி உயிரை வாங்கின இடம். எல்லாரும் பெடல் சென்சாரையும் த்ராட்டில் தட்டு கோணத்தையும் லாக் பண்ணி ஒப்பிடறாங்க. நம்ம இன்ஜின்ல அது வேலைக்கு ஆகாது. இன்டேக் வால்வோட லிஃப்ட்டை (திறக்கற உயரத்தை) மாத்தித்தான் இது உள்ள போற காத்தைக் கட்டுப்படுத்துது. த்ராட்டில் தட்டு பெரும்பாலும் திறந்தே கிடக்கும், பிஐடி (வண்டிக் கணினிகிட்ட ஒவ்வொரு அளவையும் கேக்கற குறியீட்டு எண்) 11 சொல்ற நம்பர் ஒண்ணுக்கும் உதவாது. பார்க்க வேண்டியது 61, 62, 63. 61 டிரைவர் கேக்கற டார்க் (சுழற்று விசை) சதவீதம், 62 இன்ஜின் தர்ற டார்க் சதவீதம், 63 அந்த சதவீதத்துக்கான அடிப்படை டார்க் நியூட்டன் மீட்டர்ல. 63ல 500 வந்து 62ல 40 வந்தா, அந்த நொடியில 200 நியூட்டன் மீட்டர். எல்லாப் பெட்ரோல் வண்டியும் இதைத் தராது. மொதல்ல பிஐடி 60ஐக் கேட்டா எது எது கிடைக்கும்னு வண்டியே சொல்லிடும்.

பெடலுக்கு 49. கால் வைக்காதப்பவும் அது பூஜ்யம் காட்டாது. சென்சார் வோல்டேஜை 5 வோல்ட்டுக்குச் சதவீதமாக் காட்டறதுதான் காரணம், சென்சார் கெட்டுப்போச்சுன்னு பயந்துக்க வேண்டாம். பல வண்டியில ரெண்டாவது டிராக்கான 4ஏ இதுல பாதி காட்டும். அந்த மாதிரி வண்டியில பாதி வரலைன்னா மட்டும் கனெக்டரைப் பாருங்க. இந்த 49 எந்த மோடுலயும் மாறாது, ஏன்னா அது உங்க காலு. மாறறது 61.

அடுத்து வேகம். வண்டியோட டயக்னாஸ்டிக் சாக்கெட்டுல மாட்டற மலிவான ப்ளூடூத் ஈஎல்எம் 327 நகல் அடாப்டர்ல, நாலஞ்சு பிஐடி சேர்த்துக் கேட்டா ஒவ்வொண்ணும் நொடிக்கு ஒண்ணு ரெண்டு தடவைதான் வரும். நாம தேடற தாமதமோ நொடியில அஞ்சுல ஒரு பங்கு, அதைவிடக் குறைவு. ரெண்டு புள்ளிக்கு நடுவுல சங்கதியே நடந்து முடிஞ்சு போகும். கேன் (வண்டிக்குள்ள கணினிகள் பேசிக்கற வயர்) வழியில ஒரே கோரிக்கையில ஆறு பிஐடி வரைக்கும் கேக்கலாம். நகல் சிப்புல நிறைய இந்த நீளமான பதிலைத் துண்டிச்சுடும். எஸ்டிஎன் சிப் வெச்ச அடாப்டர், அதுவும் யூஎஸ்பி வயர் உள்ளது, ஒழுங்கா வேலை செய்யுது. ஜெர்மன் வண்டிக்கு ஈதர்நெட் கேபிள் கிடைச்சா இன்னும் நல்லது. லாக்ல 61, 62, 49, 0சி (ஆர்பிஎம்) நாலு போதும். ஆசைப்பட்டு கூலன்ட் சூடெல்லாம் சேர்த்தா வேகம் போச்சு.

பெடலை ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு அமுக்கக் காலால முடியாது. தரையில கீல் வெச்ச பெடலுக்கு அடியில மரக்கட்டை ஒண்ணை நிறுத்துங்க. கட்டை பெடல் போற தூரத்தைக் குறைக்கத்தான் இருக்கணும், பெடலைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது. காலடி விரிப்பை எடுத்துடுங்க. கட்டை நழுவாம ரெட்டை டேப் போட்டு ஒட்டி, நின்ன வண்டியில பல தடவை அமுக்கி விட்டு, பெடல் தானாத் திரும்புதான்னு பார்த்த பிறகுதான் வண்டியை நகர்த்தணும். மூணாவது கியர், மேனுவல், 2000 ஆர்பிஎம், அங்கிருந்து ஒரே அமுக்கு. இடம் கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக். எல் அண்ட் டி பைபாஸ்ல பண்ணிப் பார்க்கறேன்னு கிளம்பாதீங்க சாமி.

வந்தது இதுதான். கட்டை வெச்ச பாதிப் பெடல்ல, ஸ்போர்ட்டோட 61 கோடு கம்ஃபர்ட்டை விடத் தெளிவா மேல நிக்குது, சரிவும் செங்குத்து. கட்டையை எடுத்துட்டு முழுசா மிதிச்சா ரெண்டு கோடும் ஒரே உயரத்துக்குப் போய்ச் சேருது. சேர்ற வேகம்தான் வேற. ஏன்னா கம்ஃபர்ட்ல டார்க்கை வடிகட்டி விடறாங்க. இன்ஜின் பிரேக்கிங்ல இருந்து இழுவைக்கு மாறற அந்த நொடியில கியர், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல்னு எல்லா இடத்துலயும் இருக்கற இடைவெளி ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் மோதும். "டொக்"குன்னு கேக்கக் கூடாதுன்னு கணினி டார்க்கை ஒரு கணம் பிடிச்சு வெச்சு விடும். ஸ்போர்ட்ல அந்தப் பிடி தளர்வு. உக்கடம் சிக்னல் நெரிசல்ல ஸ்போர்ட் போட்டா வண்டி குதிக்கறதும் இதனாலதான்.

61 ஏறின பிறகு 62 அதைத் துரத்திப் பிடிக்கற தூரம்தான் டர்போ தாமதம். அதுல மோடு கை வைக்கவே இல்லை. அதே கியர், அதே ஆர்பிஎம்னா டர்பைன் சுத்த எடுக்கற நேரமும் அதேதான். தெருவுல ஸ்போர்ட் தாமதத்தைக் குறைச்ச மாதிரி இருக்கறது கியர்பாக்ஸால. கம்ஃபர்ட்ல 60 கிலோமீட்டர் வேகத்துல மேல் கியர்ல சோம்பிக்கிட்டு வர்ற வண்டியை, ஸ்போர்ட் ரெண்டு கியர் கீழயே நிறுத்தி வெச்சிருக்கும். டர்போ ஏற்கனவே சுத்திக்கிட்டு இருக்கு. ஈகோவுல இன்னொரு தொல்லை: கால் எடுத்தா நியூட்ரல் மாதிரி மிதந்து போகும், திரும்ப மிதிச்சா ஆர்பிஎம் பொருத்திக் கோர்த்த பிறகுதான் இழுவை.

வால்வுக் கோடுகளைப் பார்த்தா சிரிப்புதான். மூடினதும் திறந்ததும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்துக் கிடக்கு. டர்பைன், கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், நடுச் சைலன்சர் எல்லாம் தாண்டி வாலுல இருக்கற தட்டு அது. 2000 ஆர்பிஎம்ல போற புகைக்கு மீதி வழியே தாராளம். புகை அதிகமாகற மேல் ஆர்பிஎம்ல பின்னழுத்தம் (புகை வெளிய போக விடாம எதிர்க்கற அழுத்தம்) பேசும், ஆனா அங்க கம்பெனி வால்வு எந்த மோடா இருந்தாலும் தானாத் திறந்துக்கும். அதனாலதான் பிளக் கழட்டி மூடின நிலையில முழு மிதி மிதிச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. யமஹா பைக்குல வர்ற எக்ஸப் வால்வைக் காட்டிச் சண்டைக்கு வர்றவங்களுக்கு: அது நாலு குழாயும் சேர்ற இடத்துல, அழுத்த அலையைத் திருப்ப வெச்சது. இது சத்தத்துக்கு வெச்சது.

மூடி வெக்கறதுல ஒரு லாபம் உண்டு. ஆறு சிலிண்டர் 1600 ஆர்பிஎம்ல நொடிக்கு 80 தடவை வெடிக்குது. சேலம் ரோட்டுல ஒரே வேகத்துல போறப்ப திறந்த வால்வுல அந்த 80 ஹெர்ட்ஸ் காதுக்குள்ள உரல் இடிச்சுக்கிட்டே வரும்.

1500ல இருந்து 2000க்குள்ள கலகலன்னு சத்தம் வந்தா வால்வு ஸ்பிண்டில் (தட்டைத் திருப்பற தண்டு) புஷ் தேய்ஞ்சிருக்கு. மோட்டாரைக் கழட்டி, ஆறின பிறகு ஸ்பிண்டிலைக் கையால திருப்புங்க. சிக்கினா கரியும் துருவும்தான். துரு இளக்கற ஸ்ப்ரே அடிச்சு ராத்திரி முழுக்க ஊற விட்டு, முன்னும் பின்னும் ஆட்டி விடணும். சாதா கிரீஸ் வேண்டாம், கருகிப் பசையா மாறி இன்னும் இறுகிடும். சிக்காம தடுக்கற நிக்கல் ஆன்ட்டி சீஸ் பேஸ்ட் துளி போதும். சிக்கின ஸ்பிண்டிலோட ஓட்டினா மோட்டாருக்குள்ள இருக்கற பிளாஸ்டிக் பல்லுதான் மொதல்ல போகும்.

ஆன்லைன்ல ரிமோட்டோட வர்ற 63 மில்லிமீட்டர் வால்வு வாங்கறவங்க மோட்டாருக்கும் குழாய்க்கும் நடுவுல வெப்பத் தகடு வெச்சுக்கங்க. கம்பெனி குழாய் பெரும்பாலும் காந்தம் ஒட்டற எஸ்எஸ், வாங்கற வால்வு 304 கிரேடு எஸ்எஸ். ரெண்டையும் சேர்க்க 309எல் ஃபில்லர் கம்பி, உள்ள ஆர்கான் விட்டு டிக் வெல்டிங். கணபதிப் பக்கம் லேத்துப் பட்டறைக்குச் சொல்லித் தரத் தேவையில்லை, ஆனா ஆர்கான் உள்ள விடச் சொல்லி நின்னு பாருங்க, விட்டா மிச்சம் பிடிப்பாங்க. சத்த விதியை மீறினா மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம் உண்டு. ஆழியாறுல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசிப் பாதை புலிகள் காப்பகம் வழியாப் போகுது, அங்க திறக்கவே திறக்காதீங்க. மேல போகப் போகக் காத்தழுத்தம் குறைஞ்சு, அதே பூஸ்டுக்கு டர்போ கூடச் சுத்தணும், தாமதம் நீளும். வால்வைக் குத்தம் சொல்லாம கியரைக் குறைங்க.

பெடலுக்கும் வயருக்கும் நடுவுல மாட்டற த்ராட்டில் கன்ட்ரோலர் பத்திக் கேக்கறவங்களுக்கு: அது 49ஐயே பொய் சொல்ல வெக்குது, அவ்வளவுதான். பாதி மிதியை முக்கால்னு சொல்லும். டார்க் வடிகட்டியைத் தொடாது, கியர் மாத்தற திட்டத்தைத் தொடாது. மோடே இல்லாத ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா 1.5 டிஎஸ்ஐ மேனுவலுக்கு ஓரளவு பிரயோஜனம். ஸ்போர்ட் இருக்கற வண்டிக்குத் தண்டம்.

அடுத்து பின்னழுத்தத்தையே நேரா அளக்கணும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னாடி இருக்கற லாம்டா (ஆக்சிஜன்) சென்சாரைக் கழட்டினா எம்18, 1.5 பிட்ச் மரை. அதுக்கு ஒரு அடாப்டர் பீளமேட்டுல கடையக் கொடுத்திருக்கு. அதுல இருந்து ஒரு மீட்டர் எஸ்எஸ் டியூபைச் சுருட்டிச் சூடு தணிச்சு, அப்புறம் சிலிக்கான் ஹோஸ், 1 பார் சென்சார். அடாப்டர் வந்த பிறகு அந்தக் கோடுகளையும் போடறேன். அதுவரைக்கும் பிளக் திரும்ப மாட்டியாச்சு, வால்வு அது பாட்டுக்கு ஓடுது.