ட்யூன் செய்த இம்ப்ரெஸாவுக்கு ஓசை குறைந்த ஃப்யூயல் பம்ப்: என் தேர்வும் அதற்கான காரணங்களும்

டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் ஃப்யூயல் பம்ப்பின் ஓசையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு, "பவர் வேண்டுமென்றால் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பதிலை நான் ஏற்பதில்லை. எஞ்சினுக்கு உண்மையில் எவ்வளவு பெட்ரோல் தேவை என்று கணக்கிட்டு, அந்த அளவுக்கு ஏற்ற வகைப் பம்ப்பைத் தேர்ந்தெடுத்து, அதை முறையாகப் பொருத்தினால், 300 குதிரைத்திறன் கொண்ட காரும் பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் காதுக்கு எட்டாத பம்ப்போடு ஓடும்.

என்னிடம் இருப்பது 2004ஆம் ஆண்டின் சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ். இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. கம்பெனியிலிருந்து வரும்போது 225 குதிரைத்திறன் அளவில் இருக்கும் இந்த எஞ்சினை 300 வரை கொண்டுபோவதே என் எண்ணம். இதற்கு முன் வைத்திருந்தவர் அதிகத் திறனுள்ள ஒரு பம்ப்பை ஏற்கெனவே பொருத்தியிருந்தார். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடிகளை ஏற்றிவிட்டாலும் அதன் ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருமுறை பின்னால் உட்கார்ந்து வந்த அம்மா, "சீட்டுக்கு அடியில வண்டு எதுவும் மாட்டிக்கிச்சாப்பா?" என்று கேட்டார். இந்தக் காரில் பெட்ரோல் டேங்க் சரியாகப் பின்னிருக்கைக்குக் கீழேதான் இருக்கிறது; பம்ப்புக்கும் பயணிக்கும் இடையே ஒரு மெல்லிய தகட்டு மூடியும் இருக்கை மெத்தையும் மட்டுமே உள்ளன.

ஓசை எங்கிருந்து வருகிறது என்பதற்குப் பம்ப்பின் உள்ளமைப்பிலேயே பாதிப் பதில் இருக்கிறது. டேங்குக்குள் வைக்கும் பம்ப்புகளில் ஜெரோட்டர் என்ற வகை ஒன்று உண்டு. உள்ளே ஒரு பற்சக்கரம், அதைச் சுற்றி அதைவிட ஒரு பல் கூடுதலாகக் கொண்ட வெளிச்சக்கரம். இரண்டும் சற்றே மையம் விலகிச் சுழலும்போது பற்களுக்கிடையே உள்ள குழி பெரிதாகிப் பெட்ரோலை உறிஞ்சும், பின் சிறிதாகி அதைப் பிதுக்கி வெளியேற்றும். ஒவ்வொரு பிதுக்கலும் ஓர் அழுத்தத் துடிப்பு. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுகள் ஓடும் மோட்டாரில் இந்தத் துடிப்புகள் சேர்ந்துதான் நாம் கேட்கும் ரீங்காரமாகின்றன. ட்யூனிங் உலகில் பல ஆண்டுகளாகப் புழங்கும் வால்ப்ரோ ஜிஎஸ்எஸ்342, அதாவது எல்லோரும் 'வால்ப்ரோ 255' என்று அழைப்பது, இந்த வகையைச் சேர்ந்தது. உருளைகளைக் கொண்டு இயங்கும் ரோலர் செல் வகையும் இதே போல் துடிப்புடன்தான் தள்ளும். டேங்குக்கு வெளியே பொருத்தப்படும் பாஷ் 044 அதற்குத் தெரிந்த எடுத்துக்காட்டு. அது வெளியே இருப்பதால், சுற்றிலும் பெட்ரோல் சூழ்ந்து ஓசையைத் தணிக்கும் வாய்ப்பும் அதற்கு இல்லை.

டர்பைன் வகை வேறு விதமாக இயங்குகிறது. ஒரு தட்டையான வட்டின் விளிம்பில் நெருக்கமாகச் சின்னஞ்சிறு இதழ்கள் வெட்டப்பட்டிருக்கும். அவை பெட்ரோலைச் சுழற்றிச் சுழற்றி, வட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குள் படிப்படியாக அழுத்தத்தை ஏற்றிவிடும். குழி பெரிதாகிச் சிறிதாகும் வேலை இதில் இல்லை என்பதால் துடிப்புகள் மிகச் சிறியவை. இன்று கம்பெனியிலிருந்து வரும் கார்களில் பெரும்பாலானவை டர்பைன் பம்ப்புகளையே பயன்படுத்துவதற்கு இந்த அமைதியும் ஒரு காரணம்.

டர்பைன் வகைக்கும் ஒரு குறை உண்டு; அதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. இதழ்களுக்கும் உறைக்கும் இடையே உள்ள இடைவெளியின் வழியே பெட்ரோல் பின்னோக்கிக் கசியும் என்பதால், அழுத்தம் கூடக் கூட அதன் வெளியேற்றம் ஜெரோட்டரைவிட வேகமாகக் குறையும். ஆகவே மணிக்கு இத்தனை லிட்டர் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கக் கூடாது. அந்த எண் வழக்கமாக 3 பார் அழுத்தத்தை ஒட்டிச் சொல்லப்படுவது. என் காரில் அடிப்படை அழுத்தம் 3 பார், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தமான பூஸ்ட் 1.2 பார் ஏறும்போது, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதையும் சேர்த்து 4.2 பாராக உயர்த்தும். உற்பத்தியாளர் தரும் வரைபடத்தில் 4.2 பாருக்கு நேரே, 13.5 வோல்ட் கோட்டில் எத்தனை லிட்டர் என்று பார்ப்பதே சரியான முறை. இந்த வரைபடத்தை வெளியிடாத பம்ப்பை நான் வாங்குவதில்லை.

தேவையைக் கணக்கிடுவது கடினமல்ல. டர்போ பெட்ரோல் எஞ்சின் ஒன்று முழுத் திறனில் ஓடும்போது ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.27 கிலோ பெட்ரோலை எரிக்கும் என்று எடுத்துக்கொண்டால், 300 குதிரைத்திறனுக்கு 81 கிலோ. ஒரு லிட்டரின் எடை 0.74 கிலோ என்ற கணக்கில் அது சுமார் 110 லிட்டர். வெயில், பழைய வயரிங், நாள்பட்ட தேய்மானம் ஆகியவற்றுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினாலும் 130 லிட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எத்தனால் கலந்த இ85 எரிபொருள் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக வேண்டும். அப்போதும் அதே உபரியைச் சேர்த்து 180 லிட்டருக்குள் வேலை முடிந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே பலர் 450 லிட்டர் பம்ப்பை வாங்கிவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

பெரிதாக வாங்கி வைத்தால் பிற்காலத்துக்கு உதவும் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கும். எஞ்சின் பயன்படுத்தாத பெட்ரோல் முழுவதும் ரெகுலேட்டர் வழியாக ரிட்டர்ன் லைன் என்ற திரும்பு குழாயில் டேங்குக்கே திரும்புகிறது என்பதை அந்த வாதம் மறந்துவிடுகிறது. ஐடிலில், அதாவது கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, அது குடிப்பது மணிக்கு ஓரிரு லிட்டர்தான். மிச்சம் இருக்கும் நூற்றுக்கணக்கான லிட்டரும் எஞ்சின் அறையின் சூட்டை வாங்கிக்கொண்டு திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்ரோல் சூடாகச் சூடாக எளிதில் ஆவியாகும். பம்ப்பின் உறிஞ்சும் வாயில் ஆவிக்குமிழ்கள் உருவாகி உடையும்போது வருவது கரகரப்பான ஓசை, அதோடு பம்ப்பின் ஆயுளும் குறையும். சிறிய ரெகுலேட்டரால் அவ்வளவு வெள்ளத்தையும் திருப்பிவிட முடியாமல் போனால் ஐடிலில் அழுத்தமே தாறுமாறாக ஏறிவிடும். ஓசையைக் குறைக்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது தேவைக்கு மேல் பெரிய பம்ப்பை ஒதுக்குவதே.

இந்த அடிப்படையில் நான் பரிசீலித்தவை சில. வால்ப்ரோ பெயரில் வரும் 450 லிட்டர் பம்ப் டர்பைன் வகைதான், இ85க்கும் ஏற்றது, அதன் மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அது 500 குதிரைத்திறனை நோக்கிப் போகிறவர்களுக்கானது, உயர் அழுத்தத்தில் 15 ஆம்பியரை ஒட்டி மின்சாரம் இழுக்கும். ஏஇஎம் 320, டீட்ச்வெர்க்ஸ் டிடபிள்யூ300 ஆகியவை அதற்கு அடுத்த படி. நான் எடுத்துக்கொண்டது டீட்ச்வெர்க்ஸ் டிடபிள்யூ65சி, 265 லிட்டர் மதிப்பீடு கொண்ட சிறிய டர்பைன் பம்ப். 4.2 பாரில் அது தருவது என் தேவைக்குத் தாராளமாகப் போதும். பின்னாளில் இ85க்கு மாறினாலும் இதே பம்ப் ஈடுகொடுக்கும். எதை வாங்கினாலும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமே வாங்குங்கள். பெயர்பெற்ற பம்ப்புகளுக்கெல்லாம் போலிகள் சந்தையில் உலவுகின்றன; அவற்றின் ஓசை ஒரு பக்கம் இருக்க, முழுச் சுமையில் அழுத்தம் சரிந்தால், பெட்ரோல் போதாமல் சூடேறிப் பிஸ்டன் உருகும்.

பம்ப்பின் வகை பாதி என்றால் பொருத்தும் முறை மறுபாதி. டேங்கில் கால் பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல் இருக்கும் நாளில், காற்றோட்டமான இடத்தில், பம்ப்பின் இணைப்பைக் கழற்றி எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு லைனில் உள்ள அழுத்தத்தை இறக்கிவிட்டு, அதன் பின் பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். பம்ப்பைப் பிடித்திருக்கும் தாங்கியை வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தால் கம்பெனிப் பொறியாளர்கள் ஓசைக்காக எவ்வளவு மெனக்கெட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். பம்ப்பின் அடியில் ஒரு ரப்பர் மெத்தை, உடம்பைச் சுற்றி ஒரு ரப்பர் உறை. இரும்புத் தாங்கியை பம்ப்பின் உலோகம் எந்த இடத்திலும் தொடாது. முந்தைய பம்ப்பைப் பொருத்தியவர் அந்த உறையை எடுத்துவிட்டு, வார்ம் கிளாம்ப் என்ற, திருகி இறுக்கும் உலோகப் பட்டை ஒன்றால் பம்ப்பை நேரடியாகத் தாங்கியோடு இறுக்கியிருந்தார். பம்ப்பின் அதிர்வு தாங்கிக்கும், தாங்கியிலிருந்து டேங்கின் மேல்தகட்டுக்கும், அங்கிருந்து காரின் தரைக்கும் போக அது ஒன்றே போதும். அம்மா கேட்ட ஓசையில் கணிசமான பங்கு இந்தக் கிளாம்ப்பின் வழியாக வந்தது என்பதே என் கணிப்பு.

பம்ப்பையும் தாங்கியின் குழாயையும் இணைக்கும் ஹோஸில் கவனம் தேவை. பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கும் ஹோஸ், அதன் மேல் அச்சிட்டிருக்கும் எஸ்ஏஇ தரக் குறியீட்டின்படி, 30ஆர்10 தரமுடையதாக இருக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 30ஆர்7, 30ஆர்9 ஹோஸ்கள் டேங்குக்கு வெளியே பயன்படுத்துவதற்கானவை, மூழ்கிக் கிடந்தால் வெளிப்புறம் ஊறிச் சிதையும். ஹோஸ் விறைப்பாக இழுத்துக் கட்டியது போலவும் இருக்கக் கூடாது, மடிந்தும் போகக் கூடாது. சற்றே வளைந்து நின்றால் அதிர்வை அது தன்னிடமே வைத்துக்கொள்ளும். பம்ப்பின் அடியில் பெட்ரோலை வடிகட்டும் வலைப்பை டேங்கின் தரையில் படுத்திருக்க வேண்டும், நசுங்கக் கூடாது. பழைய வலைப்பையைப் புதுப் பம்ப்பில் மாட்டும் சிக்கனம் வேண்டவே வேண்டாம். அடைபட்ட வலை வழியாக உறிஞ்சத் திணறும் பம்ப் எவ்வளவு நல்ல பம்ப்பாக இருந்தாலும் கத்தத்தான் செய்யும்.

இம்ப்ரெஸாவில் இன்னொரு வசதி இருக்கிறது. அதன் பம்ப் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று எஞ்சினின் சுமையைப் பொறுத்து மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரு பங்கு, முழு அளவு என மூன்று படிகளில் அதை ஓட்டும். ஐடிலில் பம்ப் தணிந்து ஓடுவதால் நிற்கும்போது ஓசை வெகுவாகக் குறைகிறது. பெரிய பம்ப் வைப்பவர்கள் பெட்டி சூடாகும் என்று அஞ்சி அதை நீக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து தடித்த வயரும் ரிலேயும் போட்டு நேரடியாக ஓட்டுகிறார்கள். 450 லிட்டர் பம்ப்புக்கு அது தேவைப்படலாம். ஆனால் அதன் பிறகு பம்ப் எந்நேரமும் முழு வேகத்தில் ஓடும் என்பதால், அமைதி முக்கியம் என்றால் அதிக ஆம்பியர் தாங்கும் பிடபிள்யூஎம் கட்டுப்பாட்டுக் கருவி (மின்சாரத்தை விட்டுவிட்டுத் தந்து வேகத்தைக் குறைப்பது) ஒன்றையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். 10 ஆம்பியர் அளவில் இழுக்கும் என் பம்ப்புக்குப் பழைய பெட்டியே போதுமானதாக இருந்தது. இருந்தாலும் முழுச் சுமையில் பம்ப்பின் முனையில் வோல்ட்டேஜை அளந்து பார்த்தேன். ஆல்டர்னேட்டரில் 14 வோல்ட் இருந்து பம்ப்பில் 12 வோல்ட்டே வந்து சேர்ந்தால் வெளியேற்றம் நன்றாகவே குறைந்துவிடும், அப்போது வயரிங்கை முதலில் சரிசெய்ய வேண்டும்.

இப்போது ஐடிலில் எஞ்சினின் ஓசைக்கு மேல் பம்ப் கேட்பதில்லை. சாவியைத் திருப்பும்போது எழும் இரண்டு நொடி முனகல் மட்டும் உண்டு. வேகமெடுக்கும்போது கட்டுப்பாட்டுப் பெட்டி படி மாறுவதைக் கவனித்துக் கேட்டால் சுருதி உயர்வது தெரியும், அது இயல்பானது. அமைதியாக இருந்த பம்ப் ஒரு நாள் திடீரென்று குரலை உயர்த்தினால் டேங்கின் பெட்ரோல் அளவையும் வலைப்பையையும் பாருங்கள். அதோடு, அழுத்தத்தைப் பதிவு செய்யும் சென்சார் ஒன்றை, இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ஃப்யூயல் ரெயிலில் வைத்திருப்பது நல்லது. பதிவில் ரெயில் அழுத்தத்திலிருந்து பூஸ்ட்டைக் கழித்தால் எந்த ஆர்பிஎம்மிலும் 3 பார் மாறாமல் வர வேண்டும். மூன்றாம் கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் மேலே போகப் போக அந்த எண் இறங்கத் தொடங்கினால், உடனே காலை எடுத்துவிட்டு, காரணம் தெரியும் வரை பூஸ்ட்டைக் குறைத்தே ஓட்டுங்கள்.